மைனரின் சட்டநிலையில் திருமணத்தின் விளைவு

18 வயது நிறையாதவர் இந்தியச் சட்டத்தின் பார்வையில் மைனர் ஆவார். தமிழ்ச் சட்ட நூல்கள் இவரை இளவர் என்று குறிப்பிடுகின்றன. மைனருக்காகக் கையொப்பமிடவும், வழக்காடவும், சொத்தைப் பராமரிக்கவும் காப்பாளர் ஒருவர் வேண்டும். குறித்த வயது வருமுன்பே இந்தக் காப்பிலிருந்து மைனரை விடுவித்து, மேஜருக்குரிய தகுதியைத் தரும் ஏற்பாடு சில நாடுகளின் சட்டங்களில் உண்டு. அப்படி விடுவிக்கும் காரணங்களுள் நெடுங்காலமாக முதன்மையானது திருமணம். இந்தியாவின் பொதுச் சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை. இங்கே திருமணமான 17 வயதுப் பெண்ணும் மைனரே; 17 வயதுப் பையனும் மைனரே. ஆயினும் நம் மக்களிடையே நேர்மாறான நம்பிக்கை வலுவாக உள்ளது. "கல்யாணம் ஆயிடுச்சுன்னா மேஜர்தானே" என்ற சொல்லைத் திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பெற்றோர் வாயிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையால் இழப்பு ஏற்படுவது பெரும்பாலும் பெண்ணுக்குத்தான்.

நம்பிக்கை எங்கே இடறுகிறது

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். தந்தை உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். அவர் பெயரில் இரண்டு ஏக்கர் நிலம். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகிய நால்வருக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சமபங்கு. மகளுக்கு 17 வயதில் திருமணம் முடிந்துவிட்டது. "உனக்குத்தான் சீர் செய்தாகிவிட்டதே" என்று அண்ணன்மார் அவளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். கழுத்தில் தாலி இருப்பதால் அவளைப் பெரியவள் என்றே எல்லாரும் கருதுகிறார்கள்.

அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உரிய வயதை அடைந்தவரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் என்கிறது. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் மோகிரி பீபி வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கல்கத்தாவில் ஒரு மைனர் எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம் பற்றிய வழக்கு அது. இன்றுவரை அதுவே நடைமுறை. பத்திரம் எழுதிக்கொடுப்பவர் மைனர் எனத் தெரிந்தால் பதிவை மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவும் கூறுகிறது. இவற்றுள் எதிலும் "திருமணமானவர் நீங்கலாக" என்ற சொற்கள் இல்லை.

ஆகவே அந்த மகளின் பங்கு அவளிடமே இருக்கிறது. ஆனால் அது அவளுக்குத் தெரிவதில்லை. பத்து ஆண்டு கழித்து நிலத்தை வாங்கியவரிடம் வில்லங்கம் வரும்போதுதான் யாராவது பிறந்த தேதியைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

1875ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவில் ஒருவர் எப்போது மேஜர் ஆகிறார் என்பதை முடிவு செய்வது 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுத் தகுதிச் சட்டம். 18 வயது நிறைந்தால் மேஜர் என்பதே விதி. நீதிமன்றம் காப்பாளர் நியமித்திருந்தால் 21 வயது என்றிருந்த விதிவிலக்கு 1999இல் செய்த திருத்தத்தால் நீங்கியது.

இச்சட்டத்தின் 2ஆம் பிரிவைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். திருமணம், மஹர், மணவிலக்கு, தத்தெடுப்பு ஆகியவற்றில் ஒருவர் செயல்படும் தகுதியை இச்சட்டம் பாதிக்காது என்று அப்பிரிவு சொல்கிறது. இதன் பொருள், இந்த விஷயங்களில் தனிச்சட்டம் வேறு வயதைக் குறிக்கலாம் என்பதே. வயதுச் சட்டம் திருமணத்தைத் தொடாது என்கிறதே தவிர, திருமணம் வயதை மாற்றும் என்று சொல்லவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இஸ்லாமியத் தனிச்சட்டத்தில் பருவமடைந்தவர் திருமணத்துக்குத் தகுதியுடையவர் என்ற கொள்கை இருந்தபோதும், அவருடைய சொத்து 18 வயது வரை காப்பாளரின் பொறுப்பில் இருப்பது இதனால்தான்.

வாக்குரிமையும் அப்படியே. 61ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கியது. திருமணமானவர் என்பதற்காக 17 வயதில் யாருடைய பெயரும் வாக்காளர் பட்டியலில் ஏறாது.

தந்தை கையிலிருந்து கணவன் கைக்கு

திருமணம் மைனரை மேஜர் ஆக்கவில்லை. ஆனால் பெண்ணின் நிலையில் ஒரு மாற்றத்தைச் செய்தது: காப்பாளரை மாற்றியது.

1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, திருமணமான மைனர் பெண்ணின் கணவன் தகுதியற்றவன் என்று நீதிமன்றம் கருதினாலன்றி, அவளுக்கு வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது. 41ஆம் பிரிவின்படி, காப்பிலுள்ள பெண் திருமணம் செய்துகொண்டால் அவளுடைய உடல்சார்ந்த காப்பாளரின் அதிகாரம் முடிந்துவிடும். 21ஆம் பிரிவு இன்னும் விந்தையானது. மைனர் மற்றொரு மைனருக்குக் காப்பாளராக முடியாது என்று கூறிவிட்டு, தன் மனைவிக்கும் குழந்தைக்கும் மட்டும் ஆகலாம் என்று விலக்கு அளிக்கிறது. தன் பெயரில் கடன் பத்திரம் எழுத முடியாத 17 வயதுப் பையன் இன்னோர் உயிருக்குக் காப்பாளர்!

1956ஆம் ஆண்டின் இந்து இளமை மற்றும் காப்பாளர் சட்டமும் இவ்வழியே சென்றது. அதன் 6ஆம் பிரிவு இயற்கைக் காப்பாளர்களை வரிசைப்படுத்துகிறது. "பையன் அல்லது திருமணமாகாத பெண்" என்றால் தந்தை, அவருக்குப் பின் தாய். "திருமணமான பெண்" என்றால் கணவன். இந்தச் சொல்லமைப்பைக் கவனிக்க வேண்டும். பையனுக்குத் திருமணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் தந்தையே காப்பாளர். பெண்ணுக்கு மட்டும் மாங்கல்யம் ஏறியதும் ஆள் மாறுகிறது. தந்தை உயிலின் மூலம் நியமித்த காப்பாளரின் உரிமையும் பெண்ணின் திருமணத்தோடு முடிகிறது என்று 9ஆம் பிரிவு கூறுகிறது. மைனர் ஒருவர் மற்றொரு மைனரின் சொத்துக்குக் காப்பாளராக முடியாது என்று 10ஆம் பிரிவில் தடை விதித்ததே இச்சட்டம் செய்த சிறு முன்னேற்றம்.

1990களில் நான் பணியில் இருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் மாற்றுச் சான்றிதழை வாங்க அவள் கணவன் வந்தான். தந்தை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றோம். "அவ இப்ப என் பொண்டாட்டி சார், அவங்க அப்பா கையெழுத்து எதுக்கு?" என்று கேட்டான். எங்களில் ஒருவருக்கும் சரியான பதில் தெரியவில்லை. அன்றிருந்த 6ஆம் பிரிவின்படி அவன் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதை வெகுநாள் கழித்தே படித்தறிந்தேன். அந்த மாணவியின் கையெழுத்தைக் கேட்க அவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

திருமணத்தால் மைனர் இழப்பவையும் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின்படி, வழக்காறு இடம் தந்தாலன்றித் திருமணமானவரைத் தத்தெடுக்க முடியாது. தமிழ்நாட்டில் 25.03.1989 முதல் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமைப் பங்கு தந்த திருத்தம், அந்நாளுக்கு முன் மணமான மகள்களை விலக்கியது. ஆகவே அந்நாளுக்கு முன்பே 15 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளுக்குப் பங்கில்லை. அவளைவிட மூத்தவளானாலும் மணமாகாதிருந்தவளுக்குப் பங்குண்டு. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம்தான் இந்த வேறுபாட்டை நீக்கியது.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டங்கள்

1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை நிர்ணயித்தது. பெண்ணின் வயது 1949இல் 15 ஆகவும், 1978இல் 18 ஆகவும் உயர்ந்தது. ஆணுக்கு 21 ஆனது. அச்சட்டம் திருமணம் செய்துவைத்தவரைத் தண்டித்தது, திருமணத்தைச் செல்லாததாக்கவில்லை.

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 01.11.2007 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 3ஆம் பிரிவின்படி குழந்தைத் திருமணம், குழந்தையாக இருந்தவரின் விருப்பப்படி ரத்து செய்யத்தக்கது. தானாகச் செல்லாமல் போகாது. வயதுவந்த கணவனோ, மாமியாரோ, பெற்றோரோ தங்களுக்காக அதைக் கேட்க முடியாது. பெண் இன்னும் மைனராக இருந்தால் அவளுடைய காப்பாளர் அல்லது வழக்கு நண்பர், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலருடன் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். 18 நிறைந்தபின் அவளே செய்யலாம். அதற்கு 18 நிறைந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள், அதாவது 20 வயது நிறையும்வரை அவகாசம் உண்டு.

திருமணம் செய்துகொள்ளும் அளவுக்குப் பெரியவள் என்று ஊர் கருதிய பெண், அதை ரத்து செய்யத் தனியாக மனுப் போடவும் சட்டத்தில் தகுதியற்றவளாக இருக்கிறாள். மைனர் நிலை திருமணத்தால் மாறவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சில குழந்தைத் திருமணங்கள் முற்றிலும் செல்லாதவை. காப்பாளரிடமிருந்து கவர்ந்து சென்றோ, வலுக்கட்டாயமாகவோ, விற்றோ நடத்தியவையும், நீதித்துறை நடுவரின் தடையாணையை மீறி நடத்தியவையும் இவ்வகையின.

ஆண் பிள்ளைக்கு இங்கே ஒரு வேடிக்கையான இடைவெளி உண்டு. 19 வயது இளைஞன் நிலம் விற்கலாம், வாக்களிக்கலாம், வழக்காடலாம். திருமணத்துக்கு மட்டும் சட்டப்படி "குழந்தை". ஆனால் அவன் 17 வயதுப் பெண்ணை மணந்தால், 18 வயதைக் கடந்த ஆண் என்ற முறையில் அவனுக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவலோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

2011ஆம் ஆண்டு முழு அமர்வுத் தீர்ப்பு

2006ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் ஒரு சிக்கல் எழுந்தது. மைனர் பெண்ணை மணப்பது குற்றம் என்கிறது ஒரு சட்டம். அவளுடைய இயற்கைக் காப்பாளர் கணவனே என்கிறது 1956ஆம் ஆண்டுச் சட்டம். பெண் வீட்டைவிட்டுச் சென்று மணந்துகொண்ட வழக்குகளில் ஆட்கொணர்வு மனுக்கள் வரும்போது, அவளை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் முரண்பட்ட தீர்ப்புகள் வந்தன. திருவள்ளூர் நகரக் காவல் நிலையம் தொடர்பான வழக்கு ஒன்றில் இக்கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வுக்கு அனுப்பப்பட்டு, 2011 அக்டோபரில் விடை கிடைத்தது.

அத்தீர்ப்பின் சாரம் இது. 18 வயதுக்குக் குறைந்த பெண்ணின் திருமணம், ரத்தாகும்வரை நீடிக்கும். ஆனால் முழுமையான திருமணத்துக்குரிய எல்லா உரிமைகளும் அதனால் கணவனுக்குக் கிடைக்காது. வயதுவந்த கணவன் அவளுக்கு இயற்கைக் காப்பாளன் அல்லன். 2006ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததால் 6ஆம் பிரிவின் அப்பகுதி உள்ளுறையாக நீங்கிவிட்டது. அவளே விரும்பினாலும் அவன் பொறுப்பில் அவளை விட முடியாது. அவளை யாரேனும் சட்டவிரோதமாக அடைத்துவைத்திருந்தால், அவள் நலனில் அக்கறையுள்ளவன் என்ற முறையில் அவன் நீதிமன்றத்தை அணுகலாம். பெற்றோரின் சட்டப்படியான காப்பிலிருந்து அவள் தானாக வெளியேற முடியாது. பெற்றோரிடம் போக மறுத்தால், சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் இயங்கும் இல்லம் போன்ற தகுந்த இடத்தில் 18 வயது வரை அவளைத் தங்கவைக்கலாம். எல்லாவற்றிலும் அவளுடைய நலனே முதன்மை.

தந்தை கையிலிருந்து கணவன் கைக்கு மாறும் பழைய வழியை இத்தீர்ப்பு அடைத்தது. அது நல்லதே. ஆனால் அவளுக்கென்று தனிக் கதவு எதையும் திறக்கவில்லை. தன் விருப்பத்தோடு சென்ற 17 வயதுப் பெண்ணுக்கு, அடித்த தந்தையின் வீடா, பூட்டிய இல்லமா என்ற தேர்வே மிஞ்சலாம். பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த இல்லத்தில் அவள் படிப்பைத் தொடர வழி இருக்கிறதா என்பதையும் யாராவது பார்க்க வேண்டும்.

குற்றவியல் சட்டமும் பின்னர் இதே திசையில் சென்றது. மனைவிக்கு 15 வயது நிறைந்திருந்தால் கணவனின் உடலுறவு வன்புணர்வாகாது என்ற இந்திய தண்டனைச் சட்ட விதிவிலக்கை, 11.10.2017 அன்று உச்ச நீதிமன்றம் 18 வயது என்று மாற்றிப் பொருள்கொண்டது. 01.07.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 18 என்றே எழுதப்பட்டுள்ளது.

பராமரிப்பு

மகளைக் கட்டிக்கொடுத்தவுடன் தந்தையின் பொறுப்பு முடிந்தது என்பதும் தவறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, தன்னைத் தானே பராமரிக்க இயலாத மைனர் குழந்தைக்குத் தந்தை ஜீவனாம்சம் தரவேண்டும் என்று கூறுமிடத்தில் "திருமணமானாலும் ஆகாவிட்டாலும்" என்ற சொற்களைச் சேர்த்திருந்தது. மகளின் கணவனுக்குப் போதிய வசதி இல்லையெனில், அவள் மேஜர் ஆகும்வரை தந்தையே தரும்படி நடுவர் ஆணையிடலாம். இப்போது இதற்குரியது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவோ, திருமணம் ரத்தானபின் அப்பெண் மறுமணம் செய்யும்வரை அவளைப் பராமரிக்கும்படி கணவனுக்கு ஆணையிட இடமளிக்கிறது. அவன் மைனர் என்றால் அவன் பெற்றோர் தரவேண்டும். பிறந்த குழந்தைகள் சட்டப்படியான குழந்தைகளே.

புதுச்சேரி: எல்லைக்கு அப்பால் வேறு சட்டம்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். அங்கே வாழும் ஒரு சிறு பிரிவினருக்கு இக்கட்டுரையில் இதுவரை கூறியவற்றில் பெரும்பகுதி பொருந்தாது.

1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு, மைனர் திருமணத்தால் தானாகவே விடுவிக்கப்படுகிறார் என்று 476ஆம் பிரிவில் கூறியது. அன்று மேஜர் வயது 21. திருமண வயது ஆணுக்கு 18, பெண்ணுக்கு 15. 21.09.1881 அன்று வந்த ஆணை, பிரெஞ்சிந்தியர்கள் தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. அவ்வாறு துறந்தவர்கள் ரெனோன்சான்கள் எனப்பட்டனர். புதிய குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டனர். வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் லாப்போர்த்.

ரெனோன்சான்களுக்கு அந்தத் தனிநிலை இந்தியாவுடன் இணைந்தபின்னும் தொடர்கிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நாடு முழுவதுக்கும் உரியது என்று கூறும் அதே பிரிவு, புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்றும் சொல்கிறது.

பிரெஞ்சு முறை தாராளமானது என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே விடுவிக்கப்பட்ட மைனர் வாடகை வசூலிப்பது போன்ற அன்றாட நிர்வாகத்தைத் தானே செய்யலாம். குடும்ப மன்றத்தின் இசைவின்றி நிலம் விற்கவோ கடன் வாங்கவோ முடியாது. மேலும் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அதே தொகுப்பு விதித்தது. பிரான்சிலேயே மணமான பெண்ணின் தகுதியின்மை 1938 வரை நீடித்தது. தந்தையிடமிருந்து விடுபட்ட பெண் மறுகணமே கணவனின் அதிகாரத்துக்குள் வந்தாள். ஆங்கிலேயர் சட்டம் "காப்பாளர் மாற்றம்" என்று சொன்னதைப் பிரெஞ்சுக்காரர் "விடுவிப்பு" என்றனர். பெண்ணைப் பொறுத்தவரை வேறுபாடு பெரிதில்லை. பிரான்ஸ் 2006இல் பெண்ணின் திருமண வயதையும் 18 ஆக்கிவிட்டது.

இலங்கையிலும் பிற நாடுகளிலும்

ரோமன்-டச்சுச் சட்டம் வேரூன்றிய இலங்கையில் திருமணம் மைனரை மேஜர் ஆக்கும். மேஜர் வயது 21 ஆக இருந்தவரை இதற்குப் பயன் இருந்தது. அவ்வயது 1989இல் 18 ஆகக் குறைந்தது. பொதுச் சட்டப்படியான திருமண வயது 1995இல் 18 ஆக உயர்ந்தது. இரண்டும் ஒன்றானபின் அவ்விதிக்கு வேலை குறைந்துவிட்டது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் திருமணம் இன்றும் மைனரைப் பெற்றோர் காப்பிலிருந்து விடுவிக்கிறது.

அணுக வேண்டியவர்கள்

தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராகச் செயல்படுபவர் மாவட்டச் சமூக நல அலுவலர். திண்டிவனம் வட்டத்தார் விழுப்புரம் மாவட்ட அலுவலகத்தை அணுக வேண்டும். 1098 என்ற சிறார் உதவி எண்ணிலும் தகவல் தரலாம். திருமணம் நடக்கவிருப்பது தெரிந்தால் நீதித்துறை நடுவரிடம் தடையாணை பெறலாம். நடந்த திருமணத்தை ரத்து செய்யும் மனு குடும்ப நீதிமன்றத்துக்கும், அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்துக்கும் செல்லும். பெண் தற்போது வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம்; கணவன் ஊருக்குப் போக வேண்டியதில்லை.

வயதை மெய்ப்பிப்பதில்தான் பல வழக்குகள் திணறுகின்றன. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு இதற்கு ஒரு வரிசை தருகிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பொதுத்தேர்வுச் சான்றிதழ். அது இல்லையெனில் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதே மருத்துவ வயதுச் சோதனை. பள்ளிப் பதிவேட்டுக்கு முதலிடம் என்பதை என்னைப் போன்ற ஆசிரியர்கள் கொஞ்சம் அச்சத்தோடுதான் நினைத்துப் பார்க்க வேண்டும். பிறப்புச் சான்று இல்லாமல் வரும் பிள்ளையை, வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்த காலம் ஒன்றிருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு தேதியை நாங்களே போட்டு எழுதிவிடுவோம். ஒரே வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்களாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அப்படி எழுதிய தேதிதான், அந்தப் பிள்ளை மைனரா மேஜரா என்று நீதிமன்றத்தில் கேள்வி எழும்போது முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது.